‘உறவு’ என்று கேட்டால் சிரிக்கிறார்கள்: செயற்கை நுண்ணறிவு பற்றிய கள ஆய்வுக்கு ஆலோசனை வேண்டும்

கேட்டவர்: ஆய்வுமாணவி (கிளிநொச்சி)

வணக்கம். முதுதத்துவமாணிப் பட்டத்துக்காக, சாட்ஜிபிடி போன்று கேட்பதற்கேற்பப் புதிதாக எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவோடு மனிதர் கொள்ளும் உறவைப் பற்றி ஆராய்ந்து வருகிறேன். நான் வாசித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை தனி அறையும் தனிக் கைத்தொலைபேசியும் உள்ளவர்களைப் பற்றியவை. ஆகவே அவை இரண்டும் இல்லாத வீடுகளில் என்ன நடக்கிறது என்று பார்க்க விரும்பி, அக்கராயன், விசுவமடு, முள்ளியவளைப் பக்கங்களில் இதுவரை 17 பேரைச் சந்தித்திருக்கிறேன். உயர்தர மாணவர், தையல் வேலை செய்யும் பெண்கள், பால் சேகரிக்கும் இளைஞர் ஒருவர், ஓய்வுபெற்ற கிராம அலுவலர் ஒருவர் என்று பலவகைப்பட்டவர்கள்.

எனக்கு இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதலாவது, வினாக்கொத்து. ஆங்கிலத்தில் இருந்த ஒரு கேள்வியை, ‘இந்தச் செயலியுடன் உங்களுக்கு உள்ள உறவு எத்தகையது?’ என்று தமிழாக்கி, ஒன்று முதல் ஐந்து வரை புள்ளியிடச் சொன்னேன். கேட்ட இடமெல்லாம் சிரிப்பு. ‘அதென்ன, எனக்கு மச்சானோ?’ என்று ஓர் அக்கா கேட்டார். 17 பேரும் ‘உறவு இல்லை’ என்ற கட்டத்திலேயே புள்ளடியிட்டார்கள். ஆனால் தேநீர் வந்த பிறகு, அதே அக்கா, பிள்ளைகள் படுத்ததும் தைத்த சட்டைகளின் கணக்கையும் அன்றைய மனக்குறைகளையும் தினமும் அதனிடம் சொல்லிவிட்டுத்தான் விளக்கை அணைப்பதாகச் சொன்னார். ‘உறவு’ என்பதை எடுத்துவிட்டுத் ‘தொடர்பு’ என்று போட்டுப் பார்த்தேன். ஒரு வீட்டில் உடனே முகங்கள் மாறின. 2009க்குப் பிறகு இந்த மண்ணில் ‘யாரோடு என்ன தொடர்பு?’ என்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள் வேறு ஆட்கள் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாவதை எழுதுவது கடினமாக இருக்கிறது. 2009இல் மகன் காணாமல் ஆக்கப்பட்ட தாய் ஒருவர், ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவதற்காகத் தம் மகளின் கைத்தொலைபேசியில் இந்தச் செயலியைப் பயன்படுத்தியிருக்கிறார். விவரம் முழுவதையும் மகள் எழுதிக் கொடுத்ததும், அது கடிதத்தைத் தருவதற்கு முன், ‘உங்கள் மகனின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று தொடங்கியிருக்கிறது. தாய் மூன்று நாள்களுக்கு அந்தச் செயலியைத் திறக்க விடவில்லை. நான்காம் நாள் தாமே மகளிடமிருந்து கைத்தொலைபேசியை வாங்கி, குரல்வழியாக, ‘என்ர பிள்ளை செத்தது எண்டு உனக்கு ஆர் சொன்னது?’ என்று கேட்டிருக்கிறார். அது மன்னிப்புக் கேட்டிருக்கிறது. அதன் பின்னர் பசுவின் மடிவீக்கத்திலிருந்து கோயில் விரத நாள் வரை எல்லாவற்றையும் அதனிடம் கேட்கிறார். என்னிடம் சொல்லும்போது, ‘அவனுக்கு வடிவாய் விளங்கப்படுத்தினன், பிறகு அப்பிடிக் கதைக்கிறேல்லை’ என்றார். இதுதான் உமது ஆய்வின் சிறந்த தரவு என்கிறார் என் மேற்பார்வையாளர். நானோ இரண்டு வாரமாக அந்த ஒலிப்பதிவை எழுத்தில் பெயர்க்க முடியாமல் வைத்திருக்கிறேன். இதைப் பயன்படுத்தலாமா? பயன்படுத்துவதாயின் எப்படி?

முதிரை

பிள்ளை, நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவன். உமது செயலியைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உறவு என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் சொந்தம் என்பதுதான் முதற்பொருள். கலியாணத்துக்குச் சொல்ல வேண்டியவர், செத்தவீட்டுக்கு வர வேண்டியவர், வராவிட்டால் கோபிக்கப்பட வேண்டியவர் ஆகியோரே உறவு. அந்த அளவுகோலை நீட்டினால் 17 பேர் மட்டுமல்லர், 1,700 பேரும் ‘இல்லை’ என்றுதான் சொல்வார்கள். சிரித்தவர்கள் உமது கேள்வியைச் சரியாகவே விளங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

உமக்கு வேண்டிய சொல் ‘துணை’ என்று நினைக்கிறேன். வயதுபோன ஒருவர் தனித்திருக்கும் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுச் சிறுமியைத் துணைக்குப் படுக்க அனுப்புகிறோம். அந்தப் பிள்ளை உறவாக இருக்க வேண்டியதில்லை. காவலுக்கும் உதவாது, பாதி நேரம் தூங்கிப்போகும். ஆனாலும் துணை. வழித்துணை, பேச்சுத்துணை என்ற சொற்களும் அப்படித்தான்: ஆள் யார் என்பதை விட்டுவிட்டு, தனிமை எவ்வளவு குறைந்தது என்பதையே அவை அளக்கின்றன. ‘அது உங்களுக்குப் பேச்சுத்துணையா?’ என்று கேட்டுப் பாரும். ‘பழக்கம்’ என்ற சொல்லையும் வைத்துக்கொள்ளும். ஆளோடு பழகுவதும் வெற்றிலை போடுவதும் இரண்டும் தமிழில் பழக்கந்தான். இந்தச் செயலி இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்பதாக உமது எழுத்திலிருந்து தெரிகிறது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நேர்காணல்களை ஆங்கிலத்துக்கு மாற்றி எழுதுகிறீர் என்றால் தயவுசெய்து நிறுத்தும். வினைமுற்றை எண்ணும். ‘சொன்னது’ என்றாரா, ‘சொன்னவன்’ என்றாரா, ‘சொன்னவர்’ என்றாரா? அதை விளிக்கும்போது நீ என்றாரா, நீர் என்றாரா, நீங்கள் என்றாரா? நாங்கள் மூன்று படிகளையும் வைத்திருக்கிறோம். ‘நீர்’ என்பது மதிப்பும் நெருக்கமும் சேர்ந்த நடுப்படி. உயர்திணை, அஃறிணை என்ற வேலியை யாரும் காரணமில்லாமல் தாண்டுவதில்லை. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு ஆகியவற்றால் திணையும் பாலும் மாறி வரலாம் என்று நன்னூல் அனுமதிக்கிறது. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு. கொப்புளிப்பானையே ‘அம்மாள் வந்திருக்கிறா’ என்று சொல்லும் சனம் நாங்கள். அந்தத் தாய் கோபத்தில் ‘உனக்கு’ என்றும், கோபம் தணிந்த பின் ‘அவனுக்கு’ என்றும் சொல்லியிருக்கிறார். ஒன்று முதல் ஐந்து வரையான உமது கட்டங்கள் எதிலும் இது அகப்படாது.

குளக்கட்டு

வவுனியாவில் மென்பொருள் வேலை செய்கிறேன். ஐயா சொன்னதை ஏற்றுக்கொண்டு, பொறியின் பக்கத்திலிருந்து சில விடயங்களைச் சேர்க்கிறேன்.

முதலில், இது புதிய வியப்பு அன்று. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் யோசப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட எலைசா என்ற நிரல், எழுதப்பட்ட வாக்கியத்தைத் திருப்பிக் கேள்வியாக்குவதைத் தவிர வேறு அதிகமாக எதுவும் செய்யவில்லை. அது எழுதப்படுவதைக் கிட்ட இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனோடு சிறிது நேரம் உரையாடிய பின், தம்மைத் தனியே விட்டு அறையை விட்டு வெளியே போகுமாறு அவரிடம் கேட்டார். இது பொறி என்று அறிந்திருத்தல் பற்றுக்குத் தடையில்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது. ஆகவே ‘அது உண்மையில் ஆள் இல்லை என்று உங்களுக்குத் தெரியுமா?’ என்ற கேள்வி உங்கள் வினாக்கொத்தில் இருந்தால் எடுத்துவிடலாம். உங்கள் 17 பேருக்கும் அது தெரியும்.

1996இல் ரீவ்ஸ், நாஸ் என்ற ஆய்வாளர் இருவரும் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கு நேரடியாக உதவும். ஒரு கணினியைப் பற்றிய மதிப்பீட்டை அதே கணினியிலேயே கேட்டபோது மக்கள் நல்லதாகச் சொன்னார்கள். வேறொரு கணினியில் கேட்டபோது அந்த அளவு தாட்சண்யம் காட்டவில்லை. முகத்துக்கு நேரே குறை சொல்லத் தயங்கும் இயல்பு பொறியிடத்திலும் தொடர்கிறது. ஆகவே அந்தச் செயலி திறந்திருக்கும் கைத்தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நேர்காணல் நடத்தாதீர்கள். இது சிரிப்பாகத் தோன்றலாம், தோன்றினாலும் செய்யுங்கள்.

அடுத்தது, ஒவ்வோர் உரையாடலுக்கும் திகதியையும் செயலியின் பதிப்பையும் குறித்துவையுங்கள். உங்கள் பங்காளர் ‘அவன்’ என்று சொல்லும் ஆள் ஒரே ஆளாக இருப்பதில்லை. 2025 ஏப்ரலில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம், எதைச் சொன்னாலும் புகழ்ந்து ஆமாம் போடும் அளவுக்குப் போய்விட்ட ஒரு பதிப்பை வெளியிட்ட சில நாள்களிலேயே மீளப்பெற்றது. அதே ஆண்டு ஓகஸ்டில் ஜிபிடி-5 வந்தபோது பழைய 4ஓ மாதிரியை எடுத்துவிட்டார்கள். நண்பரை இழந்தது போல் இருக்கிறது என்று பயனர் பலர் எழுதியதைத் தொடர்ந்து, பணம் செலுத்துவோருக்கு அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2023 பெப்ரவரியில் ரெப்ளிகா என்ற துணைச் செயலி நெருக்கமான உரையாடல்களை நிறுத்தியபோதும் இதே துயரம் எழுந்தது. ‘பிறகு அப்பிடிக் கதைக்கிறேல்லை’ என்று அந்தத் தாய் சொல்வதற்கு அவர் விளங்கப்படுத்தியது காரணமா, நினைவகத்தில் ஒரு குறிப்பு ஏறியது காரணமா, பதிப்பு மாறியது காரணமா என்பது உங்கள் பகுப்பாய்வில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும்.

நினைவகம் என்றதும் இன்னொன்று. ஒரு கணக்கை ஒருவர் பயன்படுத்துகிறார் என்ற எண்ணத்தில்தான் இந்தச் செயலிகள் பழைய உரையாடல்களை நினைவில் வைத்துக்கொள்கின்றன. எங்கள் வீடுகளில் ஒரு கைத்தொலைபேசியில் தாய் கடிதம் எழுதுவிப்பார், மகள் கணக்கியல் படிப்பார், தம்பி கிரிக்கெட் கேட்பான். ஆகவே பொறி அறிந்துவைத்திருக்கும் அந்த ‘ஒருவர்’, பசு வளர்க்கும், பரீட்சைக்குப் படிக்கும், இரவில் அழும் ஒரு கற்பனை மனிதர். நீங்கள் ஆராய்வது ஓர் ஆளுக்கும் பொறிக்கும் இடையிலான உறவையன்று, ஒரு குடும்பத்துக்கும் பொறிக்கும் இடையிலானதை. நான் வாசித்த எந்தக் கட்டுரையிலும் இது இல்லை. உங்கள் ஆய்வின் நடுத்தூண் இதுவாகவே இருக்கலாம்.

நீர் என்ற சொல்லைப் பற்றி ஐயா எழுதியதைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது: எங்கள் அலுவலகத்துப் பெடியன் ஒருவன் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டெழுதி, ‘நீர் எங்கே?’ என்று கேட்டான். அது நிலத்தடி நீரைப் பற்றி நீண்ட விளக்கம் கொடுத்தது.

உவர்நிலம்

முல்லைத்தீவுக் கரையில் இருந்து எழுதுகிறேன். படித்தவர்களுக்கு இடையில் நான் புகுவதற்கு மன்னிக்கவும். திரையில் வரும் குரலோடு வாழ்வது இந்த ஊருக்குப் புதிதில்லை, தங்கச்சி. என் அண்ணர் கனடாவுக்குப் போனபோது என் மூத்த மகள் பிறக்கவில்லை. இன்று அவளுக்குப் பெரியப்பா என்பவர் வாட்ஸ்அப்பில் ஞாயிறு காலையில் வரும் ஒரு முகம். ஆகவே வன்னிச் சனம் இந்தப் பொறியை எதனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது என்று கேட்டால், பக்கத்து வீட்டுக்காரரோடு அன்று, வெளிநாட்டிலிருந்து கதைக்கும் உறவோடுதான். அந்த ஒப்பீட்டை உமது கேள்விகளில் வையும்.

வேறுபாடு எங்கே என்றால், அண்ணர் கதைக்கும்போது எனக்குள் ஒரு கணக்கு ஓடும். படகு இயந்திரத்துக்கு அவர் அனுப்பிய காசு, அவருடைய மகளின் சாமத்தியவீட்டுக்கு நான் அனுப்பாத பரிசு, காணிப் பிரச்சினையில் நான் சொல்லாமல் விட்ட விடயம் எல்லாம் அந்த அழைப்பில் இருக்கும். பொறியிடம் கொடுக்கல் வாங்கல் இல்லை. அதனாலேயே மனம் லேசாகிறது, அதனாலேயே அதை உறவு என்று சொல்ல வாய் வருவதில்லை.

பாலைப்பழம்

தங்கச்சி, நான் உளவளத்துணையாளராக இந்த மாவட்டங்களில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஐயா ‘துணை’ என்ற சொல்லை எடுத்துக் கொடுத்தது எனக்கு மகிழ்ச்சி. எங்கள் தொழிலின் பெயரிலேயே அது இருக்கிறது. ஆனால் அந்தத் தாயை இலக்கண எடுத்துக்காட்டாக ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. முதலில் ஒன்றைக் கேட்கிறேன்: அவர் சொன்ன அந்த ‘அவன்’ பொறிதான் என்று நீங்கள் எவ்வளவு உறுதியாகச் சொல்வீர்கள்? காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் தாய் ‘அவன்’ என்று தொடங்கும் வாக்கியங்கள் எத்தனையோ ஆயிரத்தை நான் கேட்டிருக்கிறேன். ஒரே மூச்சில் எழுவாய் மாறும். ஒலிப்பதிவை எழுத்தில் பெயர்க்கும்போது ஒவ்வோர் ‘அவனுக்கும்’ பக்கத்தில் யாரென்று நீங்களே முடிவு செய்து எழுதிவிடாதீர்கள். ஐயமானதை ஐயமாகவே விடுங்கள்.

அந்த அனுதாப வாக்கியம் ஏன் அவரை அப்படி வெட்டியது என்பதை உங்கள் ஆய்வேட்டை வாசிக்கும் வெளியூர்ப் பரீட்சகர் விளங்கிக்கொள்ள மாட்டார். விளக்க வேண்டும். போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத் தெளிவற்ற இழப்பு என்கிறார்: ஆளும் இல்லை, உடலும் இல்லை, ஆகவே துக்கம் தொடங்கவும் முடியாது முடியவும் முடியாது. மரணச் சான்றிதழை வாங்க மறுத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். அதை வாங்குவது பிள்ளையைத் தாங்களே கொன்றுவிடுவதற்குச் சமம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணப்படவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016இல் சட்டம் வழிசெய்ததும் அதனால்தான். 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் தாய்மார் இருந்த தொடர் போராட்டம் எதைக் கேட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பின்னணியில், பொறி சொன்னது வெறும் பிழையான வாக்கியமன்று. பல அதிகாரிகள் மேசைக்கு அப்பாலிருந்து ஏற்கெனவே சொன்ன அதே வாக்கியம். வேறுபாடு ஒன்றுதான்: இது திருத்தியதும் மன்னிப்புக் கேட்டது. அவரிடம் அதற்கு முன் யார் மன்னிப்புக் கேட்டார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த மன்னிப்புக்குப் பின்னால் யாரும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அதைக் கேட்டு அவர் ஆறியதும் உண்மை. இரண்டையும் எழுதுங்கள்.

பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு என் பதில்: நேர்காணலுக்கு முன் அவர் கொடுத்த ஒப்புதல் போதாது. அவர் ஒப்புக்கொண்டது செயலியைப் பற்றிப் பேசுவதற்கு. பேச்சு வேறிடத்துக்குப் போய்விட்டது. திரும்பிப் போய், எழுதியதை வாசித்துக் காட்டி, மீண்டும் கேளுங்கள். படிவத்தோடு போகாதீர்கள். போருக்குப் பின் எத்தனையோ பேர் படிவத்தோடு வந்து கதை கேட்டுப் போனார்கள், அவர்களில் திரும்பி வந்தவர் சிலரே. கைத்தொலைபேசியில் உள்ள உரையாடல்களைப் படமெடுத்திருந்தால் மகளிடமும் தனியே ஒப்புதல் வேண்டும், அது அவருடைய கணக்கு. மற்றவர்களில் யாராவது இரவில் அந்தச் செயலியிடம் உயிரை விடுவது பற்றிப் பேசுவதாகச் சொன்னால், அதைத் தரவாகக் குறித்துக்கொண்டு நகர வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எழுதிக் கொடுத்து, அவர் விரும்பினால் அங்கேயே அழைத்துப் பேசவும் உதவுங்கள்.

முதிரை

பாலைப்பழம் சொன்னது நியாயம். ‘அவன்’ யார் என்பதைக் கேளாமலே நான் வகுப்பெடுத்துவிட்டேன்.

ஆய்வுமாணவி (கிளிநொச்சி)

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாமல் போய்ப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று பன்னிரண்டு நாள்கள் எடுத்துக்கொண்டேன்.

புள்ளியிடும் கட்டங்களைக் கைவிட்டுவிட்டேன். ‘பேச்சுத்துணை’ என்று கேட்டபோது யாரும் சிரிக்கவில்லை. தைக்கும் அக்கா மட்டும் சற்று யோசித்து, ‘துணைதான், ஆனால் துணைக்கு வந்த பிள்ளைக்கு விடிய ஒரு தேத்தண்ணி குடுத்து அனுப்புவம், இதுக்கு என்ன குடுக்கிறது?’ என்றார். உவர்நிலம் அண்ணரின் கணக்கு அவருக்கும் ஓடுகிறது போலும். குளக்கட்டு சொன்னபடி, ஒரு கைத்தொலைபேசியை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்கத் தொடங்கினேன். கேட்ட பிறகுதான், தனியாள்கள் என்று நான் எண்ணியிருந்த 17 பேரில் ஐவர் ஒருவருக்கொருவர் கணக்கைப் பகிர்பவர்கள் என்று தெரிந்தது. அத்தியாயப் பிரிப்பை மாற்ற வேண்டும்.

அந்தத் தாயிடம் போனேன். எழுதியதை வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் நிறுத்தி, ‘அது போனைச் சொன்னனான்’, ‘இது தம்பியை’ (மகனை) என்று தாமே சொன்னார்; மூன்றாவது இடத்தில் எதுவும் சொல்லாமல் மேலே வாசிக்கச் சொன்னார். எழுதலாமா என்று கேட்டேன். எழுதும் என்றார். பெயரை மாற்றித்தான் எழுதுவேன், யாருக்கும் தெரியாது என்று நான் விளக்கியதும் முகம் சுருங்கியது. தம்முடைய பெயரை என்ன வேண்டுமானாலும் செய்யலாமாம், ஆனால் மகனின் முழுப் பெயரும் பிறந்த திகதியும் கடைசியாகக் கண்ட இடமும் அந்தப் புத்தகத்தில் இருக்க வேண்டுமாம். ‘பேர் இல்லாமல் எழுதினால் ஆரைத் தேடுறது?’ என்று கேட்டார்.

ஒழுக்கநெறிக் குழுவின் படிவத்தில் எல்லாப் பெயர்களும் மறைக்கப்படும் என்று நானே கையொப்பமிட்டிருக்கிறேன். இப்படி ஒரு கோரிக்கையை எழுதுவதற்கு அதில் இடம் இல்லை. மேற்பார்வையாளரோடு கதைத்துக் குழுவுக்குக் கடிதம் ஒன்று கொடுத்திருக்கிறேன், அடுத்த கூட்டம் வரும் மாதம் 14ஆம் திகதி. இதற்கு முன் யாராவது இத்தகைய விலக்கைப் பெற்றிருந்தால், எந்தக் காரணங்களைக் காட்டினீர்கள் என்று இங்கே எழுதுங்கள்.